‘சராசரி’ என்று வரும் அறிக்கையை இன்னொரு முறை வாசியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பேசவிட்டால் பெரியவர்களே வியக்கும்படி காரண காரியத்தோடு பேசும் பிள்ளை, அதையே எழுதச் சொன்னால் மூன்று வரியில் நின்றுவிடும். அந்த மூன்று வரியிலும் நாலு பிழை. இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்கும் பட்டம் பெரும்பாலும் ‘சோம்பேறி’; சற்று நாகரிகமாக எழுதினால் ‘இன்னும் முயற்சி தேவை’. மீத்திறன் மாணவர் என்றொரு பட்டியல், மெல்லக் கற்போர் என்றொரு பட்டியல் எனப் பிரித்துப் பழகிவிட்டோம். ஒரே பிள்ளையின் பெயர் இரண்டிலும் வரலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

சந்தேகப்பட்டு, நாலு இடம் விசாரித்து, ஒருவழியாக நுண்ணறிவையும் கல்வித்திறனையும் அளக்கும் டெஸ்ட் எடுத்த பெற்றோர் கையில் கடைசியில் சேர்வது ஒரு பக்க அறிக்கை: ‘நுண்ணறிவு சராசரிக்கு மேல். வாசிப்பும் எழுத்தும் சராசரி. குறைபாடு இல்லை.’ அதிலுள்ள எண்கள் பொய்யில்லை. பொருந்தாத கருவியை எடுத்தாலும், பொருத்தமான கருவியின் எண்களையெல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தாலும், இந்தப் பிள்ளைக்கு இந்த விடைதான் வரும். கற்றல் மதிப்பீட்டுத் துறையில் இருப்பவர்கள் என்ற முறையில், டெஸ்டுக்குத் தேதி வாங்குமுன் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியதை எழுதுகிறோம்.

மீத்திறனும் கற்றல் குறைபாடும் சேர்ந்த பிள்ளையிடம் திறமை குறைபாட்டை மூடுகிறது, குறைபாடு திறமையை மூடுகிறது. எழுத்துகளைக் கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளை, சொல்வளத்தாலும் ஊகத்தாலும் பத்தியின் பொருளைப் பிடித்துவிடும். ஆசிரியர் கண்ணுக்கு அது சுமாராக வாசிக்கும் பிள்ளை. இரண்டும் ஒன்றையொன்று மூடிக்கொண்டால் நடுவில் ‘சராசரி’ மட்டும் தெரியும். எனவே மொத்த மதிப்பெண் ஒன்றை மட்டும் தரும் டெஸ்ட் எதுவும் இங்கே உதவாது. வகுப்பு முழுவதையும் ஒன்றாக உட்கார்த்தி வைத்து, விடைக் கட்டத்தை நிரப்பச் சொல்லும் குழுத் தேர்வு அதைவிட மோசம். வாசிக்கவும் எழுதவும் சிரமப்படும் பிள்ளையின் அறிவை வாசிக்கவைத்தும் எழுதவைத்தும் அளக்கிறது அது. இணையத்தில் கால் மணி நேரத்தில் ஐ.க்யூ. சொல்லும் தளங்களைப் பற்றி எழுதி இந்த இடத்தை வீணாக்க விரும்பவில்லை.

தேவைப்படுவது ஒரு குழந்தை, ஒரு உளவியலாளர் என்று எதிரெதிரே அமர்ந்து செய்யும் தனிநபர் மதிப்பீடு. உலகில் அதிகம் பயன்படுவது வெக்ஸ்லர் குழந்தைகள் அளவுகோல்; சுருக்கமாக ‘விஸ்க்’. 2014-ல் வெளியான ஐந்தாம் பதிப்பு 6 முதல் 16 வயது வரைக்கானது. சொல்லறிவு, உருவங்களைக் கையாளும் திறன், புதுப் புதிர்களைத் தர்க்கத்தால் அவிழ்க்கும் திறன், செயல்நினைவு (கேட்டதை மனத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்யும் திறன்), வேலை வேகம் என்று ஐந்து பிரிவுகளுக்குத் தனித்தனி எண் தருகிறது. இந்த எண்களுக்குச் சராசரி 100. 130 என்றால் அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் 98 பேரைவிட மேல். 85 என்றால் 84 பேர் மேலே இருக்கிறார்கள். பிரிவுகளுக்குள் இருக்கும் சிறு தேர்வுகளுக்குச் சராசரி 10, உச்சம் 19.

ஓர் உதாரண அறிக்கையைப் பார்ப்போம். இரு சொற்களின் ஒற்றுமையைச் சொல்வதில் 17, சொற்பொருளில் 17, கட்டைகளை அடுக்குவதில் 15, வடிவப் புதிரில் 16, தராசுப் புதிரில் 15. எண் வரிசையைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதில் 9. குறியீடுகளைப் பார்த்து எழுதுவதில் 6. மொத்த ஐ.க்யூ. இந்த ஏழையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்குரிய எண்ணைக் கையேட்டின் அட்டவணையில் பார்த்துத்தான் வருகிறது. ஏறக்குறைய 125 வரும். ‘கெட்டிக்காரப் பிள்ளை, அவ்வளவுதான்’ என்று அறிக்கையை மூடிவிடுவார்கள். முதல் ஐந்தை மட்டும் கூட்டி அதேபோல் அட்டவணையில் பார்த்தால் 140-ஐ நெருங்கும். 17-ஐ மேடு என்றும் 6-ஐப் பள்ளம் என்றும் சொல்லாமல், மண்ணை நிரவிச் சமதளம் என்று சொல்வதுதான் அந்த 125.

முதல் ஐந்தை மட்டும் வைத்துக் கணக்கிடுவதற்குப் பொதுத் திறன் குறியீடு என்று பெயர். டெஸ்ட் கையேட்டிலேயே அதற்கு அட்டவணை உண்டு. மீத்திறன் குழந்தைகளைக் கண்டறிய மொத்த ஐ.க்யூ.வைக் கட்டாயமாக்கக் கூடாது, இத்தகைய துணைக் குறியீடுகளையும் ஏற்க வேண்டும் என்று அமெரிக்காவின் மீத்திறன் குழந்தைகளுக்கான தேசியச் சங்கம் 2018-ல் நிலைப்பாட்டு அறிக்கையே வெளியிட்டது. உளவியலாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்தே பிறக்கிறது: “பிரிவுகளுக்கிடையே பெரிய இடைவெளி வந்தால் என்ன செய்வீர்கள்?” பொதுத் திறன் குறியீடு, தனித்தனி விளக்கம், கூடுதல் சிறு தேர்வுகள் என்று பதில் வந்தால் அவர் பொருத்தமானவர். “மொத்தம்தான் முக்கியம்” என்றால் வேறொருவரைப் பாருங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இதை மறைப்பது நேர்மையாகாது. மீத்திறன் குழந்தைகள் பலரிடம், எந்தக் குறைபாடும் இல்லாமலே, தர்க்க எண் உயரத்திலும் வேக எண் சராசரியை ஒட்டியும் இருக்கும். இடைவெளியைக் கண்டதும் ‘குறைபாடு’ என்று முத்திரை குத்தும் அறிக்கையையும் நம்ப வேண்டாம். அந்தப் பள்ளம் வாசிப்பு, எழுத்து, கணக்கு இவற்றில் எங்கே இடிக்கிறது என்று வேறு தேர்வுகளால் காட்ட வேண்டும்.

குறியீடு எழுதும் அந்தச் சிறு தேர்வைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். தாளின் மேலே 1 முதல் 9 வரை எண்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு கோட்டுக் குறி. கீழே வரிசை வரிசையாக எண்கள். அதனதன் குறியை அடியில் வரைந்துகொண்டே போக வேண்டும். நேரம் 2 நிமிடம். 6 என்ற எண் வந்தால் ‘மூளை மெதுவாக வேலை செய்கிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். பென்சிலைக் கட்டைவிரல் வெளுக்கும்வரை அழுத்திப் பிடிக்கிறதா? ஒவ்வொரு முறையும் மேலே நிமிர்ந்து பார்க்கிறதா, பத்தாவது முறையாவது மனப்பாடம் ஆகியிருக்கிறதா? எல்லாம் தெரிந்தும், ஒவ்வொரு குறியையும் அச்சில் வார்த்ததுபோல வரைய முயல்கிறதா? முதலாவது கையின் சிக்கல், இரண்டாவது குறிகளை நினைவில் பதிப்பதில் சிக்கல், மூன்றாவது குறையே வரக்கூடாது என்ற பயம். எண் ஒன்றுதான், காரணம் மூன்று, மருந்தும் மூன்று. அதே வேகப் பிரிவில், வரையத் தேவையில்லாமல் ஒரு கோடு மட்டும் கிழித்தால் போதும் என்ற குறி தேடும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதில் 12-ம் இதில் 6-ம் வந்தால் கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கை வேலை போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் அனுப்ப வேண்டியிருக்கலாம். கட்டை அடுக்குவதிலும் வேகத்துக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. வேக மதிப்பெண்ணை நீக்கிய கணக்கும் கையேட்டில் இருக்கிறது. கேட்டால் போட்டுத் தருவார்கள்.

இன்னொரு நுணுக்கம். தொடர்ந்து சில கேள்விகளுக்குத் தவறான விடை வந்தால் அந்தச் சிறு தேர்வை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. இந்தப் பிள்ளைகள் சுலபமானதைத் தவறவிட்டு, கடினமானதற்குச் சரியாகச் சொல்லும் ரகம். விதிப்படி நிறுத்தி மதிப்பெண் போட்டபின், மீதிக் கேள்விகளையும் கேட்டுப் பார்த்து, ‘நிறுத்திய இடத்துக்குப் பின் இத்தனை சரியாகச் சொன்னது’ என்று குறிப்பில் எழுதலாம். மதிப்பெண்ணில் சேராது, ஆனால் உச்சவரம்பு எங்கே என்று தெரியும். அனுபவசாலிகள் இதைச் செய்வார்கள்.

விஸ்க் தவிர வேறு ஐ.க்யூ. டெஸ்டுகளும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு-பினே ஐந்தாம் பதிப்பு (2003) 2 வயதிலிருந்து பெரியவர்கள் வரைக்கும் உள்ளது. பெரும்பாலும் கடிகாரம் இல்லாததால், அவசரப்படுத்தினால் பதறும் பிள்ளைக்கு ஏற்றது. ஆனால் வேகத்துக்கென்று தனிப் பிரிவு அதில் கிடையாது. அதை மட்டும் எடுத்தால் மெதுவாக எழுதுவது, வாசிப்பது போன்ற சிக்கல் பதிவே ஆகாது. ரேவன் வடிவப் புதிர்த் தேர்வு, டெஸ்ட் எடுக்கும் மொழி பழகாத குழந்தையின் தர்க்கத்தைச் சீக்கிரம் அளக்க உதவும். கற்றல் குறைபாட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பழைய பதிப்புகளும் ஒரு தொல்லை: தரப்படுத்தி (அதாவது குழந்தைகள் பலருக்கு டெஸ்ட் வைத்துச் சராசரி எது என்று நிர்ணயித்து) ஆண்டுகள் ஆக ஆக மதிப்பெண் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி வீங்கும். எந்தப் பதிப்பு, எந்த நாட்டுக் குழந்தைகளிடம் தரப்படுத்தப்பட்டது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஐ.க்யூ. பாதி வேலைதான். மறுபாதி கல்வித்திறன் தேர்வு. பெரும்பாலான அறிக்கைகள் சறுக்குவது இங்கேதான். ‘வாசிப்பு: 104’ என்று ஒரே வரி இருந்தால் அது பயனற்றது. வாசிப்பை ஐந்தாகப் பிரிக்க வேண்டும்: தனிச் சொற்களை வாசித்தல், பொருளற்ற சொற்களை வாசித்தல், கடிகாரம் வைத்துச் சொற்களை வாசித்தல், பத்தியை உரக்க வாசித்தல், பொருளுணர்தல். இவற்றில் பொருளற்ற சொல் முக்கியம். ‘மரம்’, ‘பள்ளிக்கூடம்’ போன்றவற்றை உருவமாகவே மனத்தில் பதித்து வைத்திருக்கும் பிள்ளைக்கு ‘தொகிமை’, ‘பூழனு’, ‘நெறாட்டி’ என்று எழுதிக் காட்டினால், நினைவும் ஊகமும் கைகொடுக்காது. எழுத்தையும் ஒலியையும் இணைக்கத் தெரிகிறதா என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். பொருளுணர்தலில் 125 வாங்கும் பிள்ளை இங்கே 90-க்கு விழுந்தால் டிஸ்லெக்சியா (அறிவு இருந்தும் வாசிப்பில் திணறும் கற்றல் குறைபாடு) சந்தேகத்துக்கு அது வலுவான அடையாளம். ஒலிகளைப் பிரித்துச் சேர்க்கும் திறன், எழுத்துகளையும் வண்ணங்களையும் பார்த்தவுடன் விரைந்து பெயர் சொல்லும் திறன் ஆகியவற்றுக்கும் தனித் தேர்வுகள் உண்டு; இவையும் சேர்ந்தால்தான் படம் முழுமை.

தமிழில் வாசிக்கும் குழந்தைகளுக்கு ஒரு சிறப்புக் கவனம் தேவை. ஆங்கிலம்போல எழுத்து ஒன்று, ஒலி வேறொன்று என்ற குழப்பம் தமிழில் மிகக் குறைவு. இப்படி ஒலிக்கும் எழுத்துக்கும் நெருக்கமுள்ள மொழிகளில் டிஸ்லெக்சியா தவறான வாசிப்பாகத் தெரிவதைவிட மெதுவான வாசிப்பாகவே தெரியும். பிழையை மட்டும் எண்ணும் தேர்வில் பிள்ளை தேறிவிடும். பக்கத்தில் கடிகாரம் வைத்தால்தான் உண்மை வெளியே வரும். எழுத்துப் பிழைகளிலும் தரம் பிரிக்க வேண்டும். ‘பறவை’யைப் ‘பரவை’ என்றும், ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்றும் எழுதுவது பெரியவர்களுக்கே வரும் பிழை. அதை வைத்துக் குறைபாடு என்று சொல்ல முடியாது. ‘வண்ணத்துப்பூச்சி’ ‘வணத்பூசி’ ஆவதும், ‘கொடி’யும் ‘கோடி’யும் ஐந்தாம் வகுப்பிலும் இடம் மாறுவதும் வேறு வகை, ஒலியைப் பிரிப்பதிலேயே சிக்கல் என்று அவை காட்டுகின்றன. இரண்டு மொழியில் படிக்கும் பிள்ளைக்கு இரண்டிலும் பாருங்கள். ஒன்றில் மட்டும் திணறினால் அந்த மொழியில் பழக்கம் போதாதது காரணமாக இருக்கலாம். இரண்டிலும் என்றால் காரணம் வேறு.

எழுத்துத் திறனை ஒற்றை வாக்கியங்களால் அளந்தால் இந்தப் பிள்ளைகள் நன்றாகவே செய்வார்கள். 10 நிமிடமாவது தொடர்ந்து ஒரு பொருளைப் பற்றி எழுத வைக்க வேண்டும். நாலாவது நிமிடத்தில் கை ஓய்வதும், வாயில் வரும் சொல்வளம் தாளில் வராததும் அப்போதுதான் தெரியும். கணக்கிலும் அப்படியே: சிந்தனைக் கணக்கில் 130, ஒரு நிமிடத்தில் எத்தனை கூட்டல் என்ற தேர்வில் 88. இரண்டையும் கூட்டி ‘கணிதம்: 109’ என்று எழுதினால் பிள்ளையின் இரண்டு முகமும் மறைந்துவிடும்.

நோய்க்குறி வரையறையிலும் ஒரு முட்டுக்கட்டை. மனநல, வளர்ச்சிக் கோளாறுகளை வரையறுக்கும், 2013-ல் வந்த அமெரிக்காவின் டி.எஸ்.எம்-5 கையேடு, கல்வித்திறன் 78 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கற்றல் குறைபாடு என்பதில் உறுதி அதிகம் என்கிறது. மீத்திறன் பிள்ளை அவ்வளவு கீழே போவது அரிது. ஆனால் அதே கையேடு, அளவுக்கு மீறிய உழைப்பாலோ பிறர் உதவியாலோ மட்டும் சராசரியைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிலையையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அந்த வரியை எல்லோரும் வாசிப்பதில்லை. அரை மணி நேர வீட்டுப்பாடத்துக்கு இந்தப் பிள்ளை மூன்று மணி நேரம் எடுக்கிறது, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால்தான் முடிகிறது என்பதற்கான பதிவை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். இரண்டு வாரம் தேதி, பாடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், யார் உதவினார்கள் என்று ஒரு நோட்டில் குறித்தால் போதும்.

கூடவே எடுத்துச்செல்ல வேண்டியவை: கடந்த இரண்டு மூன்று ஆண்டு நோட்டுப் புத்தகங்கள் (அழகாக மறுபடி எழுதியவை வேண்டாம், அடித்தல் திருத்தலோடு இருப்பவை), ஆசிரியர் குறிப்புகள், குடும்பத்தில் யாருக்காவது வாசிப்புச் சிக்கல் இருந்ததா என்ற விவரம், பேச்சு தொடங்கிய வயது. ஒரு சின்னச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம்: பிடித்த விஷயத்தைப் பற்றி 5 நிமிடம் பேசச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள், மறுநாள் அதையே 10 நிமிடம் எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் அருகருகே வைத்தால், உளவியலாளருக்கு நீங்கள் எதையும் நீளமாக விளக்க வேண்டியிருக்காது.

கண், காது பரிசோதனை முதலிலேயே முடிந்திருக்க வேண்டும். தூரத்துப் பலகையை வாசிப்பது போதாது. கிட்டத்தில் உள்ளது தெளிவாகத் தெரிவது, இரு கண்ணும் சேர்ந்து ஒரு புள்ளியில் நிலைப்பது இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அதேசமயம், கண் பயிற்சியால் டிஸ்லெக்சியா தீரும் என்று யாராவது பயிற்சித் திட்டம் விற்றால் வாங்க வேண்டாம். டிஸ்லெக்சியாவின் வேர் பெரும்பாலும் ஒலியைக் கையாள்வதில் இருக்கிறது.

கவனக்குறைவும் துறுதுறுப்பும் (ஏ.டி.எச்.டி.) இருக்குமோ என்ற ஐயம் அடிக்கடி கூடவே வரும். அமைதியான அறை, புதுப் புதிர்கள், தன்னையே கவனிக்கும் ஒரு பெரியவர் என்று இருக்கும் டெஸ்ட் அறையில் இது தலைகாட்டாமலே போகலாம். அங்கே இரண்டு மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்தது என்பது எதற்கும் ஆதாரமில்லை. பெற்றோர், ஆசிரியர் இருவரும் தனித்தனியே நிரப்பும் வினாப்படிவங்கள் வேண்டும். பிடித்த வேலையில் மணிக்கணக்கில் மூழ்குவதும் ஏ.டி.எச்.டி. இல்லை என்று காட்டிவிடாது.

வயது பற்றி: வாசிப்புக் குறைபாட்டை உறுதியாகச் சொல்ல, முறையாகக் கற்றுத்தந்து ஒன்றிரண்டு ஆண்டு கழிந்திருக்க வேண்டும். ஆனால் ஒலிப்பிரிப்புச் சிக்கலை 5 வயதிலேயே அளக்கலாம். கூடுதல் பயிற்சியைத் தொடங்க அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

விஸ்க்கின் பத்து முதன்மைத் தேர்வுகளுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கல்வித்திறன் தேர்வுகளையும் அன்றே திணித்தால் கடைசியில் வருபவை களைப்பின் மதிப்பெண்கள். எழுத்துத் தேர்வு பெரும்பாலும் கடைசியில்தான் வரும் என்பதை யோசித்துப் பாருங்கள். இரண்டு மூன்று காலைப் பொழுதுகளாகப் பிரித்துக் கேளுங்கள். சளி, காய்ச்சல் என்றால் தள்ளிப்போடுங்கள். பயிற்சிக் கேள்விகளைத் தேடித் தந்து பழக்க வேண்டாம். மதிப்பெண் கெட்டுவிடும், எது நிஜத் திறன் என்று யாருக்கும் தெரியாமல் போகும். பிள்ளையிடம் ‘விளையாடப் போகிறோம்’ என்று பொய் சொல்லவும் வேண்டாம். ‘சிலது சுலபமாக இருக்கும், சிலது உன் வயதுக்கு யாராலும் முடியாததாகவும் இருக்கும். உனக்கு எப்படிச் சொல்லித்தந்தால் நன்றாக இருக்கும் என்று பார்க்கத்தான்’ என்பது போதும்.

அறிக்கையில் ஒவ்வொரு சிறு தேர்வின் எண்ணும், நூற்றில் எத்தனை பேருக்கு மேல் என்ற கணக்கும், எண்ணின் பிழை எல்லையும் இருக்க வேண்டும். 128 என்பது கல்லில் வெட்டிய எண்ணல்ல. சில புள்ளிகள் முன்னே பின்னே இருக்கும். 130-ஐத் தொட்டால் சேர்ப்போம், 129 என்றால் முடியாது என்று ஒரு பள்ளித் திட்டம் சொன்னால், அந்த எல்லையைச் சுட்டிக்காட்டிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பரிந்துரைகள் எண்களோடு கட்டப்பட்டிருக்க வேண்டும்: உரக்க வாசிக்கும் வேகம் இவ்வளவு, ஆகவே தேர்வில் கூடுதல் நேரம், கையெழுத்து வேகம் இவ்வளவு, ஆகவே தட்டச்சு. பலமான பக்கத்துக்கும் பரிந்துரை இருக்கிறதா என்று பாருங்கள். ‘வாசிப்பு சரியாகும்வரை கடினமான கணக்கு வேண்டாம், அறிவியல் மன்றம் வேண்டாம்’ என்று எழுதும் அறிக்கைகள் உண்டு. பிள்ளை பள்ளிக்குப் போக விரும்பும் ஒரே காரணம் அந்த அறிவியல் மன்றமாக இருக்கக்கூடும்.

கைக்கு வந்த அறிக்கை ஒத்துவரவில்லை என்றால் அடுத்த மாதமே அதே டெஸ்டை வேறிடத்தில் எடுக்காதீர்கள். புதிர்கள் நினைவிருக்கும், எண் உயர்ந்து காட்டும். பொதுவாக ஓராண்டாவது இடைவெளி விடுவார்கள். சிறு தேர்வு எண்களை எல்லாம் எழுத்தில் கேட்டு வாங்கி, மீத்திறனும் கற்றல் குறைபாடும் சேர்ந்த குழந்தைகளோடு வேலை செய்யும் வேறொரு உளவியலாளரிடம் காட்டுங்கள். பொதுத் திறன் குறியீட்டைக் கணக்கிட அவருக்குப் பிள்ளையே தேவையில்லை, அந்த ஐந்து எண்களும் கையேடும் போதும். விடுபட்டது பொருளற்ற சொல் வாசிப்பும் வேகத் தேர்வும்தான் என்றால், அவற்றை மட்டும் ஒரு காலைப் பொழுதில் எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
கற்றல் மதிப்பீட்டுப் பணியில் உள்ள ஓர் உளவியலாளரும் ஒரு சிறப்புக் கல்வியாளரும்